காவல் நிலையத்துப் பாரசீகம்

தலைநகரில் வாழும் தமிழர் எவரேனும் ஓர் அலுவல் காரணமாகத் தீஸ் ஹசாரி நீதிமன்றத்திற்கோ பாட்டியாலா மாளிகை நீதிமன்றத்திற்கோ செல்ல நேர்ந்தால், அங்கே 'தாமீல்' என்னும் சொல்லைக் கேளாமல் திரும்புதல் அரிது. நம் மொழியின் பெயரைத்தான் யாரோ சொல்கின்றனர் என்று ஒரு கணம் செவி மயங்கும். ஆனால் அச்சொல்லுக்கும் நமக்கும் யாதோர் உறவும் இல்லை. அது அரபு மொழியில் பிறந்து, பாரசீகத்தின் வழியே இந்துஸ்தானிக்கு வந்தது. ஆணையை நிறைவேற்றுதல், அழைப்பாணையை உரியவரிடம் சேர்ப்பித்தல் என்பன அதன் பொருள். 'சம்மன் தாமீல் ஆயிற்றா?' என்று கேட்டால், 'அழைப்பாணை உரியவர் கையில் சேர்ந்ததா?' என்று கேட்கின்றனர் என்பதே கருத்து.

இதனைக் கேட்டு நகைத்து அமையலாம். ஆயின் அதே மொழியில் எழுதப்பட்ட ஒரு தாளில் கையொப்பம் இட வேண்டிய நிலை வரும்போது நகைப்பு அடங்கிவிடும். வீட்டில் களவு போயிற்று, சாலையில் வண்டி மோதிற்று, கைப்பையைப் பறித்து ஓடினர் என்று காவல் நிலையம் செல்கிறோம். நடந்ததை அரைகுறை இந்தியில் சொல்கிறோம். எழுத்தர் எழுதி முடித்துத் தாளை நீட்டுகிறார். அதில் முறையீடு செய்தவர் 'முஸ்தகீஸ்' ஆகிறார். குற்றம் சாட்டப்பட்டவர் 'முல்ஜிம்' ஆகிறார். புலன்விசாரணை 'தஃப்தீஷ்' ஆகிறது. நிலையத்தின் நாட்குறிப்பு 'ரோஜ்நாம்சா' எனப்படுகிறது. இன்று என்பதற்கு 'இம்ரோஸ்' என்று இருக்கிறது. தமிழருக்கு மட்டும் இது விளங்காது என்று எண்ண வேண்டா. தில்லியிலேயே பிறந்து இந்தியிலேயே பேசி வளர்ந்த அண்டை வீட்டாருக்கும் இதிற் பாதி விளங்குவதில்லை.

மக்கள் எவரும் வீட்டிலும் வீதியிலும் பேசாத ஒரு மொழி, மக்களைக் காக்க வேண்டிய இடத்தில் எவ்வாறு குடியேறிற்று? எவ்வாறு இத்தனை காலம் நிலைத்தது? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முகலாயப் பேரரசர் அக்பரின் காலத்தில், வருவாய்த் துறையைச் சீர்செய்த தோடர்மால், 1582-ஆம் ஆண்டளவில், அரசின் கணக்குகள் யாவும் பாரசீகத்திலேயே எழுதப்பட வேண்டும் என்று விதித்தார். அதற்கு முன் கீழ்நிலைக் கணக்குகள் அவ்வப்பகுதி மொழிகளில் எழுதப்பட்டு வந்தன. இவ்விதி வந்ததும் அரசுப் பணியை விரும்பிய குடும்பங்கள் பாரசீகம் கற்கத் தொடங்கின. காயஸ்தர், கத்ரி முதலிய வகுப்பினர் தலைமுறை தலைமுறையாக அதிற் புலமை பெற்றனர். ஆகவே பாரசீகம் ஒரு சமயத்தாரின் மொழியாக மட்டும் இருக்கவில்லை; அரசு அலுவலகத்தில் எழுதுகோல் பிடித்தவர் அனைவருக்கும் பிழைப்பின் மொழியாக இருந்தது. இதனை மனத்திற் கொள்ளுதல் நலம். பிழைப்போடு பிணைந்த மொழியை யாரும் எளிதிற் கைவிடார்.

1765-இல் வங்காளத்தின் திவானி உரிமையைப் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனி, இந்த ஏற்பாட்டை அப்படியே ஏற்றுக்கொண்டது. ஆங்கிலேய நீதிபதி ஒருவர், வங்காளக் குடியானவன் ஒருவன், இருவருக்கும் தாய்மொழி அல்லாத பாரசீகத்தில் எழுதிய ஆவணங்கள் என்று வழக்கு நடந்தது. வாதிக்கும் விளங்கவில்லை, பிரதிவாதிக்கும் விளங்கவில்லை, தீர்ப்புச் சொல்பவருக்கும் முற்ற விளங்கவில்லை. இடையிலிருந்த முன்ஷிக்கும் வக்கீலுக்கும் மட்டுமே விளங்கிற்று. விளங்காமை யாருக்கு ஊதியம் தந்தது என்பதை இதிலிருந்தே உணரலாம்.

கம்பெனியின் ஆட்சியாளரே தம் அலுவலகத் தாள்களைப் படித்தறிய இயலாது இடர்ப்பட்டனர். நீதித்துறை, வருவாய்த்துறைச் சொற்களுக்கென எச். எச். வில்சன் தொகுத்த பெரியதோர் அகராதி 1855-இல் வெளிவந்தது. அரபு, பாரசீகம், இந்துஸ்தானி, வடமொழி என்பவற்றோடு தமிழ், தெலுங்கு முதலிய மொழிச் சொற்களும் அதில் இடம்பெற்றன. தன் ஆட்சியின் தாள்களைப் படிக்கவே ஓர் அரசு அகராதி தேடிற்று என்றால், குடிமக்களின் நிலை என்னவாக இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

ஆங்கிலேயருக்கு இந்தத் துன்பம் புதியதன்று. அவர்தம் நாட்டிலேயே இதற்கொப்பான வரலாறு ஒன்று உண்டு. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், நாளடைவில் நீதிமன்றங்களில் பிரெஞ்சு மொழி வழக்கேறிற்று. ஆவணங்கள் இலத்தீனில் எழுதப்பட்டன. மூன்றாம் எட்வர்டு மன்னர் காலத்தில், 1362-இல், பிரெஞ்சு மொழியை நாட்டு மக்கள் அறியாமையால் இனி வழக்குரைகள் ஆங்கிலத்தில் நடைபெற வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது. வியப்பு யாதெனில், அந்தச் சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டது! வழக்கறிஞர்கள் தம் குறிப்புகளைப் பிரெஞ்சிலேயே தொடர்ந்து எழுதினர். ஆண்டுகள் செல்லச் செல்ல அது பிரெஞ்சுக்காரனுக்கும் விளங்காத, ஆங்கிலேயனுக்கும் விளங்காத ஒரு கலவையாயிற்று. 1650-இல் குடியரசு ஆட்சி அதனை ஒழித்தது. 1660-இல் முடியாட்சி மீண்டதும் அம்மொழியும் மீண்டது. இறுதியாக 1731-இல் இயற்றப்பட்டு 1733-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தால்தான் இங்கிலாந்தின் நீதிமன்றங்களில் ஆங்கிலம் முழு உரிமை பெற்றது. 1362-இல் எடுத்த முடிவு நிறைவேற 371 ஆண்டுகள் ஆயின.

இத்தனை தாமதத்திற்குக் காரணம் பலவாயினும், ஒன்றை மறைத்தல் இயலாது. அக்காலத்து எழுத்தர்கள் பலர் எழுதிய ஏட்டின் அளவுக்கேற்பக் கூலி பெற்றனர். சொல் மிகுந்தால் ஏடு மிகும். ஏடு மிகுந்தால் கூலி மிகும். ஒரு பொருளுக்கு ஒரு சொல் போதும் என்ற இடத்தில் இரண்டு மூன்று சொற்களை அடுக்கும் வழக்கத்திற்கு அதுவும் உரமிட்டது. ஆங்கில உயிலின் தலைப்பில் இன்றும் 'வில்', 'டெஸ்டமென்ட்' என்று இரண்டு சொற்கள் இணைந்து நிற்பதைக் காண்கிறோம். இரண்டும் குறிப்பது ஒன்றையே.

1733-இல் தன் நாட்டில் அந்நிய மொழியை அகற்றிய அதே இனம், 104 ஆண்டுகள் கழித்து இங்கும் அச்செயலைச் செய்தது. ஆக்லண்டு பிரபு கவர்னர் ஜெனரலாக இருந்தபோது, 1837-ஆம் ஆண்டின் 29-ஆவது சட்டம், நீதி, வருவாய் நடவடிக்கைகளில் பாரசீகத்தைக் கைவிட அதிகாரம் அளித்தது. வங்காளத்தில் வங்காள மொழி அவ்விடத்தைப் பெற்றது. வடமேற்கு மாகாணங்களிலும் பிகாரிலும் பாரசீக எழுத்தில் எழுதப்பட்ட இந்துஸ்தானி, அதாவது உருது, அவ்விடத்தில் அமர்ந்தது. இங்கேதான் சூழ்ச்சுமம் இருக்கிறது. சட்டம் மாறிற்று, எழுத்தர் மாறவில்லை. வாக்கியத்தின் இறுதியில் வரும் வினைச்சொல் மட்டும் இந்துஸ்தானி ஆயிற்று. ஏனைய சொற்கள் பாரசீகமாகவே நின்றன. வண்டியின் பெயர்ப்பலகை மாறிற்று. ஏற்றிய சரக்கு மாறவில்லை.

எழுத்தை மாற்றக் கோரியும் கிளர்ச்சிகள் எழுந்தன. பண்டித மதன் மோகன் மாளவியா 1897-இல் வடமேற்கு மாகாணங்களின் நீதிமன்ற எழுத்தைப் பற்றி விரிவான நூல் ஒன்றை எழுதினார். 1900-ஆம் ஆண்டு ஏப்ரலில் அம்மாகாணத்து ஆட்சியாளர் மக்டானல், நாகரி எழுத்தையும் நீதிமன்றங்களில் ஏற்கலாம் என்று ஆணையிட்டார். எழுத்து மாறினும் சொல் மாறாதாயின் பயன் என்ன? பாரசீக எழுத்தில் விளங்காத 'முஸ்தகீஸ்' நாகரி எழுத்தில் எழுதினால் விளங்கிவிடுமோ?

தில்லியின் கதையில் மற்றொரு திருப்பமும் உண்டு. 1857-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் இந்நகரம் பஞ்சாப் மாகாணத்தோடு இணைக்கப்பட்டது. 1911-இல் தலைநகராக அறிவிக்கப்பட்டு, மறு ஆண்டு தனியே பிரிக்கப்படும் வரை அந்நிலை நீடித்தது. பஞ்சாபின் கீழ் நீதிமன்றங்களிலும் காவல் நிலையங்களிலும் உருதுவே அலுவல் மொழி. 1934-இல் வெளிவந்த பஞ்சாப் காவல் விதிகள் தில்லிக் காவல்துறைக்கும் நெடுங்காலம் வழிகாட்டின. எந்தப் பதிவேட்டை எவ்வாறு எழுதுவது, எந்தக் குறிப்புக்கு என்ன பெயர் என்பன யாவும் அவ்வழியே வந்தவை. புதிதாய்ச் சேர்ந்த காவலர் முதியவரைப் பார்த்து எழுதக் கற்றார். அம்முதியவர் தமக்கு முன்னிருந்தவரைப் பார்த்துக் கற்றவர். சொல்லின் பொருள் அறியாமலே சொல்லின் இடம் அறிந்து எழுதும் பழக்கம் இவ்வாறு வேரூன்றிற்று. நாடு விடுதலை பெற்றது. மாகாணம் இரண்டாகப் பிளந்தது. நாட்குறிப்பு மட்டும் 'ரோஜ்நாம்சா' ஆகவே இருந்தது.

2019-ஆம் ஆண்டில் இச்செய்தி பொதுநல வழக்காகத் தில்லி உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. முதல் தகவல் அறிக்கை முறையிடுபவரின் சொற்களிலேயே இருக்க வேண்டும் என்றும், காவல்துறை பொதுமக்கள் அனைவருக்கும் உரியதேயன்றி உருதுவிலோ பாரசீகத்திலோ முனைவர் பட்டம் பெற்றவர்க்கு மட்டும் உரியதன்று என்றும் நீதிபதிகள் கருத்துரைத்தனர். அவ்வாண்டு நவம்பரில், கடினமான சொற்களைத் தவிர்க்குமாறு காவல்துறை சுற்றறிக்கை விடுத்தது. சுற்றறிக்கையோடு நீதிமன்றம் அமையவில்லை. நடைமுறையில் மாற்றம் வந்ததா என்று காண, 100 அறிக்கைகளின் படிகளைக் கேட்டது. எனினும் 2023 ஏப்ரலில் காவல் ஆணையர் மீண்டும் ஒரு சுற்றறிக்கை விடுக்க வேண்டியதாயிற்று. அதனோடு 383 சொற்களும் அவற்றுக்கு ஈடான எளிய சொற்களும் அடங்கிய பட்டியல் இணைக்கப்பட்டிருந்தது. ஒரே நோய்க்கு நான்கு ஆண்டுகளுக்குள் இரு முறை மருந்து எழுதினர் எனின், நோயின் பழமை விளங்கும்.

முதல் தகவல் அறிக்கையில் மொழி இத்துணை இன்றியமையாததாவது ஏன் என்று சிலர் வினவலாம். வழக்கு என்னும் கட்டடத்திற்கு அதுவே அடிக்கல். பிற்காலத்தில் நீதிமன்றத்தில் நாம் சாட்சி சொல்லும்போது, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த அறிக்கையை எடுத்துக்கொண்டு, 'அன்று இவ்வாறு சொன்னீர், இன்று வேறு சொல்கிறீரே' என்று மடக்குவார். நாம் சொன்னது ஒன்று, எழுத்தர் எழுதியது மற்றொன்று, நாம் விளங்காமல் ஒப்பமிட்டது அவ்வெழுத்துக்கு என்றால், நம் கையெழுத்தே நமக்கு எதிர்ச்சாட்சி ஆகிவிடும்.

சட்டம் இதனை முன்னரே உணர்ந்திருக்கிறது. வாய்மொழியாகத் தரும் தகவலை எழுத்தில் வடித்து, தகவல் தந்தவருக்கு அதனைப் படித்துக் காட்டி, பின்னரே அவர் கையொப்பம் பெற வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டங்கள் விதித்தன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவும் அவ்வாறே விதிக்கிறது. அறிக்கையின் படியைக் கட்டணமின்றித் தர வேண்டும் என்பதும் அதில் உண்டு. பெரும்பாலான முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்திற்குள் இணையத்தில் வெளியிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் ஆணையிட்டது. படித்துக் காட்டு என்று சட்டம் சொல்வதன் கருத்து, ஒலியைக் காதில் விழச் செய் என்பதன்று. பொருளை மனத்திற் பதியச் செய் என்பதே. விளங்காத மொழியிற் படித்துக் காட்டுதல் கண்ணில்லாதவர்க்குக் கண்ணாடி காட்டுதல் போலாகும்.

இவ்விடத்தில் நடுவுநிலை பிறழாமல் ஒன்றைச் சொல்லுதல் வேண்டும். அயற்சொல் என்பதனால் மட்டும் ஒரு சொல் குற்றமுடையது ஆகாது. வக்கீல், ஜாமீன், வசூல், தாசில்தார் என்பன அரபு, பாரசீக வழி வந்தவையே. அவற்றைக் கேட்டுத் தமிழ்நாட்டுச் சிற்றூரில் ஒருவரும் திகைப்பதில்லை. மேலும், துறைச் சொற்கள் சில கட்டாயம் வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் 'முல்ஜிம்'. குற்றம் செய்தார் என்று முடிவானவர் 'முஜ்ரிம்'. இவ்விரண்டையும் வேறுபடுத்துதல் நீதிக்கே உயிர்நிலை. ஆகவே களைய வேண்டியது அயன்மையை அன்று, விளங்காமையை. வேறுபாட்டைக் காட்டும் சொல் வேண்டும். வேறுபாடு எதனையும் காட்டாது மிரட்ட மட்டும் பயன்படும் சொல் வேண்டா.

தூய சொற்களைப் படைத்துவிட்டால் இத்துன்பம் நீங்கும் என்று எண்ணியவர்களும் உண்டு. விடுதலைக்குப் பின் டாக்டர் ரகுவீரர் முதலியோர் வடமொழி வேர்களிலிருந்து ஆயிரக்கணக்கான இந்திக் கலைச்சொற்களை ஆக்கினர். உழைப்பு பெரிது, ஆயினும் அவற்றுட் பல அகராதியைவிட்டு வெளியே நடந்ததில்லை. 2011 செப்டம்பரில் மத்திய உள்துறையின் அலுவல் மொழித் துறையே, கடினமான இந்தியைத் தவிர்த்து மக்கள் அறிந்த சொற்களை எழுதுமாறு அறிவுறுத்த நேர்ந்தது. உத்தரவாதத்திற்குப் 'பிரத்யாபூதி' என்று எழுதாது 'காரண்டி' என்றே எழுதலாம், 'சங்கணக்' என்பதினும் 'கம்ப்யூட்டர்' என்பதே விளங்கும் என்பன போன்ற எடுத்துக்காட்டுகள் அதில் இருந்தன. பாரசீக மேகம் விலகி வடமொழி மேகம் கவிந்தால் வெயில் எங்ஙனம் வரும்?

ஆங்கிலமும் இதற்கு விலக்கன்று. இமாசலப் பிரதேச உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பொன்றை, அதன் ஆங்கில நடை விளங்கவில்லை என்ற காரணத்தாலேயே, உச்ச நீதிமன்றம் 2017-இல் நீக்கி, மறுபடியும் எழுதுமாறு திருப்பி அனுப்பிற்று. 2022-இல் பாரத ஸ்டேட் வங்கி சார்ந்த ஒரு வழக்கில், தீர்ப்பு என்பது வழக்காடுவோருக்கும் விளங்குமாறு அமைய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வலியுறுத்திற்று. நீதிபதிகளுக்கே விளங்காத ஆங்கிலமும் நம் நாட்டில் எழுதப்படுகிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

எளிமையாகவும் திட்பமாகவும் சட்டம் எழுத இயலாதோ எனின், இயலும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. மெக்காலே தலைமையில் 1837-இல் வரைவு செய்யப்பட்டு, 1860-இல் நிறைவேறிய இந்திய தண்டனைச் சட்டத்தில், விதிகளின் கீழ் சிறு சிறு எடுத்துக்காட்டுகள் சேர்க்கப்பட்டன. ஒருவன் பிறனுடைய நிலத்தில் உள்ள மரத்தை, அவன் இசைவின்றி எடுத்துச் செல்லும் எண்ணத்தோடு வெட்டுகிறான். மரம் நிலத்திலிருந்து பிரிந்த அக்கணமே திருட்டு நிகழ்ந்தது. இதனைப் பள்ளிச் சிறுவனும் அறிவான். இந்திய மொழிகளைப் பற்றி மெக்காலே கொண்டிருந்த இழிந்த கருத்து நாம் அறிந்ததே. எனினும் விளங்க எழுதுதல் என்னும் ஒன்றில் அவர் காட்டிய நெறி பயனுடையது. 2024-இல் அச்சட்டத்தின் இடத்தைப் பெற்ற பாரதிய நியாய சன்ஹிதாவும் எடுத்துக்காட்டு முறையைக் கைவிடவில்லை.

பிறரைக் குறை கூறும் நாம் நம் இல்லத்தையும் நோக்குதல் கடன். தமிழ்நாட்டு வருவாய்க் கணக்கில் 'பசலி' ஆண்டு இன்றும் வழங்குகிறது. அக்பர் காலத்து அறுவடை ஆண்டின் எச்சம் அது. 2024 ஜூலையில் தொடங்கியது 1434-ஆம் பசலி. ஊரில் உள்ள நம் வீட்டுக் கிரையப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். 'மேற்படி' என்னும் சொல் வரிக்கு வரி நிற்கும். 'தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு உரியதாய்' என்று ஒரு தொடர் வரும். தானம் கொடுக்கவும் மாற்றிக்கொள்ளவும் விற்கவும் உரிமை உண்டு என்பதே அதன் பொருள். இதனை இவ்வாறே எழுதினால் பத்திரம் செல்லாது போய்விடுமோ? 1956-இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் நிறைவேறிய பின் எத்தனையோ நல்ல சொற்கள் ஆட்சித்துறைக்கு வந்தன. மாவட்ட ஆட்சியர், வட்டாட்சியர் என்பன இன்று எல்லார் நாவிலும் வழங்குகின்றன. சொல் புதிதாயினும் பொருள் தானே தோன்றுமாறு அமைந்தமையே அவற்றின் வெற்றிக்குக் காரணம். அவ்வாறு அமையாத ஆணைகளும் படிவங்களும் இன்னும் உள. பாரசீகத்திற்கு ஒரு நீதி, நமக்கு ஒரு நீதி என்று இருத்தல் தகாது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தியார், நூலுக்குரிய அழகுகளைத் தொகுத்தபோது சுருக்கத்தையும் தெளிவையும் முன்னே வைத்தார். படிப்பவரை மயங்க வைப்பதைக் குற்றங்களுள் ஒன்றாக எண்ணினார். புலவர்க்கு வகுத்த இவ்விலக்கணம் காவல் நிலைய எழுத்தர்க்கும் பத்திரம் எழுதுவோர்க்கும் பொருந்துமன்றோ?

அன்பர்கள் மனத்திற் கொள்ளத் தக்கவை சில உள. விளங்காத தாளில் ஒப்பமிடுதல் பணிவு அன்று. படித்துக் காட்டுமாறு கேட்பதும், கடினமான சொல்லின் பொருளை வினவுவதும், கட்டணமின்றிப் படி பெறுவதும் சலுகைகள் அல்ல, உரிமைகள். இயலுமாயின் முறையீட்டை நாமே எளிய இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதிச் சென்று கொடுத்தல் நன்று. நம் குடியிருப்புகளில் இந்தி நன்கறிந்த இளைஞர் பலர் வளர்ந்திருக்கின்றனர். மொழி அறியாத முதியவருக்கும், ஊரிலிருந்து புதிதாய் வந்தவருக்கும் அவர்கள் ஒரு மணி நேரம் துணை செல்வார்களாயின், அது பொருள் கொடுத்துச் செய்யும் உதவியினும் பெரிதாகும்.

371 ஆண்டுகள் இங்கிலாந்தில் ஆயின. 1837-இலிருந்து எண்ணினால் நம் நாட்டில் இன்னும் 200 ஆண்டுகள் நிறையவில்லை. அந்த எண்ணிக்கை நிறையும் வரை காத்திருக்க வேண்டுவதில்லை. சுற்றறிக்கை மேலிருந்து வந்துவிட்டது. 'இது என்ன சொல், எனக்கு விளங்கச் சொல்லுங்கள்' என்னும் கேள்வி கீழிருந்து நாள்தோறும் எழுமாயின், எஞ்சியிருக்கும் பாரசீகமும் நாட்குறிப்பை விட்டு நீங்கும்.